கடைசிப் பருப்பு விழும்வரை

போன வாரம் நிவேதா போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற நான்கு வருடங்களில் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த ஏழாவது அழைப்பு அது. முந்தைய ஆறில் நான்கு, என் மேசை டிராயரின் சாவி எங்கே என்று கேட்டு வந்தவை. சாவி டிராயருக்குள் இருக்கிறது. நான்கு முறையும் அதைத்தான் சொன்னேன்.

நிவேதா இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண். சாவியைப் பற்றிக் கேட்கவில்லை.

"சார், கேமரா வச்சு எண்ணுற புது மெஷின் வருது. ஒங்க பழைய முந்திரி மெஷின் டிரைவர எடுத்துட்டுப் புதுசா எழுதச் சொல்லிட்டாங்க. அதுல ஒரு எடத்துல குறிப்பு எழுதி வச்சிருக்கீங்க. 'இங்கே ஒரு பருப்பு குறையும். தேட வேண்டாம்'னு. நான் ரெண்டு நாளாத் தேடுறேன் சார்."

"தேட வேண்டாம்னுதானம்மா எழுதியிருக்கு?"

"அப்படி எழுதியிருந்தா எப்படி சார் தேடாம இருக்க முடியும்?"

நியாயம்தான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் என் மனைவி சாப்பிடக் கூப்பிடுவாள். பதில் சொல்லாவிட்டால் மூன்று முறை கூப்பிடுவாள், நான்காவது முறை கூப்பிட மாட்டாள். அது இன்னும் மோசம். ஆகவே எழுதிவிடுகிறேன். நிவேதாவோடு மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம், ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு வருடம். அதன்பிறகு புதுக்கோட்டையில் எடை இயந்திரம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம். குளத்தூரிலிருந்து தினமும் பஸ். பதினொரு நிறுத்தம், நடுவில் கண்டக்டரின் மச்சினன் வீட்டு வாசலில் நிற்பதையும் சேர்த்தால் பன்னிரண்டு. நாற்பத்தொன்பதாவது வயதில், இனி இயந்திரங்களுக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் இருக்கும் என்று சொல்லி ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். எண்ணூற்று நாற்பது பக்கம். அதில் எனக்குப் புரிந்தவை அறுநூற்றுப் பன்னிரண்டு. பிற்பாடு வந்த தொல்லைகள் எல்லாம் மீதிப் பக்கங்களில்தான் இருந்தன.

என் மேலதிகாரி சவரிமுத்து சார். ஆவூர்க்காரர். என்னைவிட ஒன்பது மாதம்தான் மூத்தவர், ஆனால் ஒன்பது வருடம் மூத்தவர் மாதிரி நடப்பார். திட்டவே மாட்டார். தப்பு கண்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையை எடுத்துத் துடைப்பார். எத்தனை துடைப்பு என்பதுதான் கணக்கு. மூன்று என்றால் எழுத்துப்பிழை. ஆறு என்றால் மறுபடி எழுத வேண்டும். ஒன்பது துடைத்தால் நாங்கள் வீட்டுக்கு லேட்டாகும் என்று போன் போட்டுவிடுவோம். ஒருமுறை அவர் பன்னிரண்டு துடைத்ததைப் பார்த்த ஸ்டோர் கீப்பர், தன்மீது எந்தத் தப்பும் இல்லாதபோதே மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

டிரைவர் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இயந்திரத்தின் கண், கை இவற்றோடு கம்ப்யூட்டரைப் பேசவைக்கிற சின்ன நிரல் அது. லினக்ஸின் உள்மையத்தோடு அதை வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். மாட்டுவதை எவனும் செய்துவிடுவான். கழற்றுவதில்தான் ஆளைத் தெரியும் என்பார் சவரிமுத்து சார்.

"உள்ள போறப்ப என்னென்ன வாங்குனியோ, வெளிய வாரப்ப எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும்யா. கடைசியா வாங்குனத மொதல்ல குடு. மொதல்ல வாங்குனதக் கடைசியாக் குடு. சட்டைக்கு மேல துண்டு போட்டிருக்க, துண்ட எடுக்காம சட்டையக் கழட்டுவியா?"

சொல்லிவிட்டு, நாங்கள் நம்புவதற்காகத் தன் துண்டை எடுத்துக் காட்டுவார். சட்டையில் கைவைக்குமுன் நாங்கள் புரிந்துவிட்டது என்று சொல்லிவிடுவோம்.

இரண்டாவது சட்டம்: எழுதிய டிரைவரை நூற்றெட்டு முறை மாட்டிக் கழற்றிக் காட்ட வேண்டும். நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவராயிற்றே, ஏன் நூற்றெட்டு என்று ஒருமுறை கேட்டேன். "ஜெபமாலையில அருள் நிறைஞ்ச மரியே அம்பத்துமூணுதான்யா வருது. சோதனைக்குப் பத்தாது. எண்ணிக்கையில ஒங்க ஆளுங்கதான் கெட்டி" என்றார்.

இனி முந்திரி இயந்திரம். திருவரங்குளம் பக்கம் ஒரு முந்திரிப் பட்டறைக்காக நாங்கள் செய்தது. பருப்புகள் ஓர் அதிரும் தட்டில் வரிசையாக நகர்ந்து, ஒவ்வொன்றாக ஒரு குழாயில் விழும். குழாயின் நடுவில் ஓர் ஒளிக்கண். ஐம்பது விழுந்ததும் ஒரு பொட்டலம் நிரம்பி நகரும். ஸ்வீட் ஸ்டால்காரர்கள் பொட்டலத்துக்குச் சரியாக ஐம்பது கேட்டிருந்தார்கள். டிரைவருக்குள் எண்ணுவதற்கென்று, தனியே ஓடும் ஒரு குட்டி நிரலை வைத்திருந்தேன்; இழை என்போம். அதற்கு 'எண்ணி' என்று பெயர். பருப்பு வரும்வரை எண்ணி தூங்கும். பருப்பு ஒளிக்கண்ணைக் கடந்தால் விழித்து, ஒன்று கூட்டி, மறுபடி தூங்கும். மாலையில் 'முடி' என்ற பொத்தானை அமுக்கினால் டிரைவர் கழன்று, போகிற போக்கில் அன்றைய மொத்தத்தைத் திரையில் எழுதிவிட்டுப் போகும்.

எழுதியவன் நான். நூற்றெட்டு முறை மாட்டிக் கழற்றினேன். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. சோதனைக்கு அத்தனை முந்திரிக்கு எங்கே போவது? ஒரு பழைய டேபிள் ஃபேனின் முன்கூண்டைக் கழற்றிவிட்டு, இறக்கை ஒளிக்கண்ணைக் கடந்து சுற்றும்படி வைத்திருந்தோம். ஒரு சுற்றுக்கு மூன்று பருப்பு. சவரிமுத்து சார் ஒரு துடைப்புக்கூடத் துடைக்காமல் கையெழுத்துப் போட்டார். பட்டறையில் இயந்திரத்தை இறக்கிவைத்த அன்று, சூப்பர்வைசர் முருகேசனிடம் நானே சொன்னேன்: "மனுசன் தப்புவான். இது தப்பாது."

இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

இருபத்துமூன்று வேலைநாள் கழித்து முருகேசன் போன் பண்ணினார்.

"சார், ஒங்க மெஷினாலதான் ஒரு திருட்டக் கண்டுபிடிச்சேன். தினம் மெஷின் சொல்றதுக்கும் பொட்டலத்துக்கும் ஒரு பருப்பு ஒதைக்குது. மெஷின்ல ஒண்ணு கூட இருக்கு, கையில ஒண்ணு கொறையுது. மொத நாள் மட்டும் சரியா இருந்துச்சு. பழகுனதுக்கு அப்புறம் கை நீளுது பாருங்க."

"யார் கை?"

"செல்வராணி. மெஷின்ல ஒக்காருற பொம்பள. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் ஒண்ணு கொறஞ்சா, பழையபடி ஒடைக்கிற எடத்துக்கே அனுப்பிருவேன்."

உடைக்கிற இடம் என்பது சாதாரண மிரட்டல் இல்லை. கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் கையைப் பொத்துப்போக வைக்கும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் தோல் உரியும்.

மறுநாளே, செவ்வாய்க்கிழமை, போனேன். செல்வராணிக்கு நாற்பது வயது இருக்கும். பதினோரு வருடம் உடைக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்ததை அவள் விரல்களே சொல்லின. நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது. இயந்திரத்தில் உட்கார்ந்த இந்த ஒரு மாதத்தில்தான் உள்ளங்கையில் புதுத்தோல் வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். செல்வராணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் சார், ஒரே ஒரு பருப்பத் திருடித் திங்கவா நான் தெனம் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வாரேன்? திங்கிறதுன்னா ஒரு கை அள்ளித் திங்க மாட்டேனா?"

"பாத்தீங்களா, திட்டத்தோட இருக்கா" என்றார் முருகேசன்.

நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக் குழாய்க்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை விழுந்த ஒவ்வொரு பருப்பையும் எண்ணினேன். சாப்பாட்டு வேளையில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, எண்ணிக்கையை வாயில் முணுமுணுத்துக்கொண்டே புளிச்சாதம் சாப்பிட்டேன். முருகேசன் என்னிடம் பேச்சுக் கொடுத்தபோதெல்லாம் எண்ணிக்கையையே பதிலாகச் சொன்னேன். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு இரண்டாயிரத்து நாற்பது என்று சொல்லியிருக்கிறேன். மாலை, தட்டு காலியானதும் அடக்கமுடியாத சந்தோஷத்தோடு குனிந்து நோட்டில் எழுதினேன்: நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. நிமிர்ந்து பார்த்தால் திரையில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

வீட்டில் என் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்று போய்விட்டது என்றேன். யார் என்று பதறிப்போனாள்.

ஒன்று, என் எண்ணிக்கை தப்பு. அல்லது என் இயந்திரம் தப்பு. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், அந்தப் பெண் சாப்பிட்டிருந்தால் தேவலை என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இதை எழுதத்தான் வேண்டும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த எட்டு மணிநேரத்தில் அவள் வாய், தண்ணீருக்கு நான்கு முறையும் கொட்டாவிக்கு ஏழு முறையும்தான் திறந்தது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஃபேனை ஓடவிட்டு, டிரைவரை மறுபடி நூற்றெட்டு முறை மாட்டிக் கழற்ற உட்கார்ந்தேன். அறுபது முறை ஒரு குறையும் இல்லை. அறுபத்தொன்றாவது முறை பொத்தானை அமுக்கப் போகும்போது கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு; மாலைதான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்ததை மறந்திருந்தேன். இயந்திரம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் மெதுவாக நின்றது. அது நின்ற பிறகு பொத்தானை அமுக்கினேன்.

'முடிக்கிறது' என்று திரையில் வந்தது. வந்தபடியே இருந்தது.

பதினோரு நிமிடம் காத்திருந்தேன். இன்னொரு ஜன்னலைத் திறந்து, கழற்றும் கட்டளையைக் கொல்லப் பார்த்தேன். சாகவில்லை. பலவந்தமாகக் கொல்லும் கட்டளை கொடுத்தேன். அசையவில்லை. ஒயரைப் பிடுங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சவரிமுத்து சார் பின்னால் வந்து நின்றார்.

"என்னய்யா ராமையா?"

"கழட்டுறப்ப தொங்கிப் போச்சு சார். பேட்டரிக் கோளாறா இருக்கும்."

அவர் திரையைப் பார்த்தார். நின்றுபோன ஃபேனைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் ஃபேன் இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளினார்.

திரையில் மொத்தம் வந்தது. டிரைவர் கழன்றுகொண்டது.

சவரிமுத்து சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் எண்ணினேன். பதினான்கு. அந்த அலுவலகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு துடைப்பு இல்லை.

விஷயம் இதுதான். பொத்தானை அமுக்கியதும் கழற்றும் கட்டளை, அதைக் கழற்றுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணியைத் தட்டி எழுப்பி, "கிளம்பு" என்கிறான். எண்ணி விழிக்கிறது. ஆனால் விழித்ததும் அது கேட்கும் ஒரே கேள்வி, "பருப்பு வந்ததா?" என்பதுதான். வரவில்லை. மறுபடி தூங்கிவிடுகிறது. ஒரு பருப்பை எண்ணி முடித்த பிறகுதான் கிளம்பச் சொன்னார்களா என்று அது பார்க்கும். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். எண்ணி கிளம்பாமல் தான் போகக்கூடாது என்று கழற்றுகிறவன் வாசலில் நிற்கிறான். எங்கள் வீட்டுக்கு வருகிற பெரிய மாமா, காபி வந்தால் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருப்பார். அவர் கிளம்பினால் பிறகு காபி போடலாம் என்று என் மனைவி உள்ளே உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை இது மூன்றே கால் மணிநேரம் போயிற்று.

திருப்பிக் கொடுக்கும் வரிசை சரியாகத்தான் இருந்தது. துண்டுக்கு முன்னால் சட்டையைக் கழற்றவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் சோதனையில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்ததால், எண்ணிக்கு எப்போதும் ஒரு பருப்பு வந்துகொண்டே இருந்தது. நூற்றெட்டு முறையும் எங்களைக் காப்பாற்றியது டேபிள் ஃபேன்.

"ஆனா சார், பட்டறையில தட்டு காலியான பெறகுதானே அமுக்குறாங்க? அங்க தினமும்ல தொங்கியிருக்கணும்? தொங்குதுன்னு ஒருத்தரும் சொல்லலையே?"

சவரிமுத்து சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அங்க யாரு ஃபேனத் தள்ளுறாங்கன்னு கேட்டுட்டு வா" என்றார்.

திருத்தம் ஒரே வரி. எண்ணி விழித்ததும் "பருப்பு வந்ததா, அல்லது கிளம்பச் சொன்னார்களா?" என்று இரண்டையும் கேட்க வேண்டும். அப்படி எழுதினேன். கழற்றினால் உடனே கழன்றது, ஆனால் மொத்தத்தில் ஒன்று கூடுதலாக வந்தது. எழுப்பிய காரணம் எதுவென்று பார்க்காமல், எண்ணி கிளம்பும்போது தன்னையும் ஒன்றாக எண்ணிக்கொண்டது. ஆறு துடைப்பு. இன்னொரு வரி சேர்த்தேன். ஃபேன் ஓட நூற்றெட்டு, ஃபேன் நிற்க நூற்றெட்டு. மொத்தம் இருநூற்றுப் பதினாறு. எதிலும் தொங்கவில்லை.

சனிக்கிழமை காலை பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வழியில் ஒன்பது முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஏம்மா செல்வராணி, சாயங்காலம் பொத்தான அமுக்குன பெறகு என்ன செய்வ?"

"ஒரு பருப்ப எடுத்துக் குழாய்ல போடுவேன்."

"எதுக்கு?"

"போடாட்டி அது விடாதுல்ல? மொத நாளு அமுக்கிட்டு நிக்கிறேன், நிக்கிறேன், முடிக்கிறது முடிக்கிறதுன்னே கெடக்கு. தட்டு ஓரத்துல ஒரு பருப்பு ஒட்டியிருந்துச்சு. அதத் தட்டிவிட்டேன். ஒடனே முடிஞ்சிருச்சு. சரி, கடைசியா ஒண்ணு கேக்கும்போலன்னு, அன்னையிலேருந்து பொட்டலத்துல சேராம மிஞ்சுனதுல ஒண்ண எடுத்துத் திருப்பிப் போட்டுருவேன்."

முதல் நாள் ஏன் சரியாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓரத்தில் ஒட்டியிருந்த பருப்பு ஒருமுறைதான் எண்ணப்பட்டது. மற்ற நாட்களில் ஏற்கெனவே எண்ணிய பருப்பு இரண்டாம் முறை எண்ணப்பட்டது. நான் நோட்டில் குனிந்த நேரத்தில் அவள் எனக்கு எதிரிலேயே போட்டிருக்கிறாள்.

"இத ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீங்கதான சார் அதச் செஞ்சீங்க? ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

முருகேசன் சுவரைப் பார்த்தார். நான் பென் டிரைவைப் பத்தாவது முறையாகத் தொட்டேன்.

புது டிரைவரை மாட்டினேன். ஆனாலும் முருகேசன் சுலபத்தில் இறங்கவில்லை. "கத நல்லாத்தான் இருக்கு சார். சாயங்காலம் மொத்தம் சரியா வரட்டும். நீங்களே ஃபாரம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வித்தியாசம் பூச்சியம்னு வந்தா, அவ இங்கிட்டே ஒக்காரட்டும். ஒண்ணு ஒதைச்சாலும் திங்கள்கிழமை அங்கிட்டுத்தான்." அங்கிட்டு என்று கையை நீட்டிய பக்கத்திலிருந்து கொட்டை உடைபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

மாலை ஐந்து மணி. தட்டு காலி. செல்வராணி பழக்கதோஷத்தில் மிஞ்சிய பருப்பில் ஒன்றை இடது கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வலது கையால் பொத்தானை அமுக்கினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் மொத்தம் வந்துவிட்டது: நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு.

"அதுக்குள்ளயா? ஒண்ணுகூடக் கேக்கலையே!" என்றாள். அவள் குரலில் லேசாக வருத்தம் இருந்தது.

முருகேசன் பொட்டலங்களை எண்ணினார். எண்பத்து நான்கு. நாலாயிரத்து இருநூறு ஆயிற்று. பொட்டலம் நிரம்பாமல் கீழே கிண்ணத்தில் மிஞ்சியது பதினேழு இருக்க வேண்டும். அவர் கிண்ணத்தின் மேல் குனிந்தார். செல்வராணி கையிலிருந்த பருப்பைப் பார்த்தாள். இருபத்தாறு நாளாக இந்த நேரத்தில் அந்தக் கைக்கு ஒரு வேலை இருந்தது. இன்றைக்கு இல்லை. என்ன செய்வதென்று தெரியாத கை, தானாக மேலே போயிற்று.

'கறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

என்னைவிட அவள்தான் அதிகம் திடுக்கிட்டாள். மென்றதை நிறுத்திவிட்டு, கன்னம் லேசாகப் புடைத்திருக்க, என்னையே பார்த்தாள். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

முருகேசன் எண்ணி முடித்தார். மறுபடியும் எண்ணினார். நிமிர்ந்தார்.

"சார், பதினாறுதான் இருக்கு."

நான் அதுவரை எந்த எண்ணையும் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மாமனார் பெருமையாகச் சொன்னபோது, எல்லோர் முன்னாலும் அதில் பதினெட்டுக் குறைத்துத் திருத்தியவன் நான்.

"நானும் எண்ணுனேன் முருகேசன். பதினேழு."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து நான் முணுமுணுத்ததை அவர் பார்த்திருந்தார்.

"நீங்க எண்ணுனா சரியாத்தான் சார் இருக்கும். எனக்குத்தான் கண்ணு மங்குது" என்று ஃபாரத்தை நீட்டினார்.

வித்தியாசம் என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டுக் கையெழுத்திட்டேன். எனக்குப் பின்னால் மெதுவாக, சத்தம் வராமல் மெல்லுவது கேட்டது. பன்னிரண்டு மெல்லு.

திங்கட்கிழமை சவரிமுத்து சாரிடம் நடந்ததை முழுவதுமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையையும் எடுத்தார். சற்று நேரம் யோசித்துவிட்டு, துடைக்காமலே மாட்டிக்கொண்டார். அன்று மதியம் அந்தத் திருத்தத்தின் மேல் நான் ஒரு குறிப்பு எழுதிவைத்தேன்.

ஆகவே நிவேதா, டிரைவரைத் தாராளமாக எடுத்துவிடு. புது டிரைவர் எழுதும்போது ஃபேனை நிறுத்திவிட்டும் கழற்றிப் பார். பருப்பை மட்டும் இனியும் தேடாதே. அதைச் சாப்பிட்டாயிற்று.